மைனஸ் 1.9 டிகிரியில் வாழும் மீன்கள்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஏற்காடு பக்கத்துப் பள்ளிகளில் துருவக் கடல் மீன்களைப் பற்றிப் பேசிவருகிறேன். பிள்ளைகள் கேட்பது, கூட வரும் பெற்றோர் கேட்பது, மீன் கடைக்காரர்கள் கேட்பது எல்லாம் சுற்றிச்சுற்றி ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் பதிலை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் பகிர்ந்துகொள்ள வசதியாக இருக்கும் என்று இதைத் தொகுத்தேன். சிலவற்றுக்குச் சுருக்கமான பதில் போதும். சிலவற்றை நின்று நிதானமாகச் சொல்லாமல் என்னால் விட முடியவில்லை.

கடலும் பூஜ்யம் டிகிரியில்தானே உறையும்?

இல்லை. நல்ல தண்ணீர்தான் பூஜ்யத்தில் உறையும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை அது திரவமாகவே இருக்கும். அண்டார்க்டிகாவில் ராஸ் கடலின் தென்கோடியில் மெக்மர்டோ சவுண்ட் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஆண்டு முழுக்க நீர் ஏறத்தாழ அந்த மைனஸ் 1.9-ஐ ஒட்டியே நிற்கும். மேலே தடித்த பனித்தட்டு மூடியிருக்கும். அதன் கீழ் நீரிலேயே மெல்லிய பனித்தகடுகள் மிதக்கும். ஆழம் குறைந்த இடங்களில் கடல் தரையிலும் பனிக்கட்டி ஒட்டி வளரும். இதற்கு நடுவில்தான் மீன்கள் நீந்துகின்றன, மேய்கின்றன, முட்டையிடுகின்றன.

கடலே உறையவில்லை என்றால் அதற்குள் இருக்கும் மீன் மட்டும் ஏன் உறைய வேண்டும்?

எல்லாரும் முதலில் தவறவிடுகிற இடம் இது. எலும்புள்ள கடல்மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சேலம் சந்தைக்கு வரும் வஞ்சிரம், மத்தி, சங்கரா எல்லாமே இப்படித்தான். உப்பு குறைந்த ரத்தம் சுமார் மைனஸ் 0.7 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். கடல் மைனஸ் 1.9-இல் இருக்கிறது. ஆக, கடல் திரவமாக இருக்கும்போதே மீன் கட்டியாகிவிட வேண்டும். இடைவெளி ஒரு டிகிரியும் கொஞ்சமும்தான். அந்த ஒரு டிகிரியைச் சமாளிக்கத்தான் உடம்பில் இத்தனை மாற்றங்கள்.

ஒரு டிகிரி அவ்வளவு பெரிய விஷயமா?

குளிர்ச்சி மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. பனிப்படிகம் வளர்வதுதான் ஆபத்து. நீர் படிகமாகும்போது உப்பைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. சுத்தமான நீரை மட்டும் இழுத்துக்கொண்டு வளரும். மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே உறிஞ்சப்பட்டு செல் சுருங்கும், படிகத்தின் கூர்முனைகள் சவ்வுகளைக் கிழிக்கும், ரத்தக் குழாய் அடைபடும். வீட்டு ப்ரீசரில் மெதுவாக உறையவிட்ட மீனை வெளியே எடுத்து வைத்தால் நீர்விட்டுச் சதை குழைந்துபோவதற்கும் காரணம் இதேதான்: மெதுவாக உறையும்போது படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசைநார்களைக் குலைத்துவிடுகின்றன.

சரி, அந்த மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது வழியைக் கனடாவின் லாப்ரடார் கரையில் ஹெப்ரான் ஃபியர்டு என்ற கடற்கழியில் பெர் ஸ்கோலாண்டரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டு 1957-இல் வெளியிட்டார்கள். அங்கே ஆழத்தில் நீர் வருடம் முழுக்க மைனஸ் 1.7 டிகிரியை ஒட்டியே இருக்கும், ஆனால் பனிப்படிகம் அவ்வளவு ஆழத்துக்கு வராது. அந்த மீன்களின் ரத்தம் உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருந்தது. தொடங்கிவைக்க ஒரு படிகம் இல்லாவிட்டால் நீர் இப்படிக் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். அதே மீனை மேலே கொண்டுவந்து பனிக்கட்டியைத் தொடவிட்டதும் உறைந்து செத்தது. அதாவது அந்த மீனின் உயிர், பனிக்கட்டி தன்மேல் படாமல் இருப்பதை நம்பி நிற்கிறது.

பனியோடு பனியாகத் திரியும் மெக்மர்டோ மீன்களுக்கு அந்த வழி உதவாது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே போன ஆர்தர் டிவ்ரீஸ் என்ற அமெரிக்க இளம் ஆய்வாளர், அவற்றின் ரத்தத்தில் உப்பைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்கினார். உப்பைக் கணக்குப் போட்டால் மைனஸ் 1 டிகிரி சுமாருக்குத்தான் வருகிறது. ரத்தமோ மைனஸ் 2-க்கும் கீழேதான் உறைகிறது. மீதியைச் செய்வது சர்க்கரை கோத்த ஒரு வகைப் புரதம் என்று 1960-களின் முடிவுக்குள் காட்டிவிட்டார். இதை உறைதடுப்புப் புரதம் என்று அழைப்போம். இதன் அமைப்பு வியக்கவைக்கும் அளவுக்கு எளிமையானது: புரதங்களின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் த்ரியோனின், அலனின், அலனின் என்ற மூன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு த்ரியோனின் மேலும் இரண்டு சர்க்கரைகள் சேர்ந்த ஒரு கொத்து ஒட்டியிருக்கும். நீளமாகவும் குட்டையாகவும் பல அளவுகளில் இது ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 3 கிராம் அளவுக்கு.

அந்தப் புரதம் சரியாக என்னதான் செய்கிறது?

பனியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் செய்கிறது. உடம்புக்குள் புகுந்த ஒரு நுண்படிகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். புரத மூலக்கூறுகள் அதன் முகத்தில் அங்கங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. படிகம் வளர வேண்டுமென்றால் இனி அந்த மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் மட்டும்தான் புடைத்து வெளியே வர முடியும். புடைத்த முகம் வளைவாக இருக்கும். வளைந்த பனி முகத்தில் நீர் மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்ள, தட்டையான முகத்துக்குத் தேவைப்படுவதைவிட அதிகக் குளிர் தேவை. அந்த அதிகக் குளிர் கடலில் இல்லை. கடல் மைனஸ் 1.9-க்குக் கீழே போகாது. ஆகவே படிகம் அங்கேயே நின்றுவிடும். இந்த விளக்கத்தை ஜேம்ஸ் ரேமண்டும் டிவ்ரீஸும் 1977-இல் எழுதினார்கள். இன்றும் அடிப்படையில் இதுதான் நிலைத்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். உப்போ சர்க்கரையோ நீரில் எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்ற எண்ணிக்கையைப் பொறுத்தே உறைநிலையை இறக்கும். இந்தப் புரதம் அந்தக் கணக்கைவிடச் சில நூறு மடங்கு அதிகமாக வேலை செய்கிறது, ஏனென்றால் அது நீரோடு மல்லுக்கட்டுவதில்லை. நேராகப் படிகத்திடம் போய்விடுகிறது.

ரத்தத்தில் உப்பைக் கூட்டிக்கொண்டாலே போதாதா?

செல்களுக்குள் நடக்கும் வேதிவினைகள் அதைத் தாங்காது. அதே நோக்கத்துக்கு வேறு பொருளைப் பயன்படுத்தும் மீன்கள் உண்டு. வட அட்லாண்டிக்கில் இருக்கும் ரெயின்போ ஸ்மெல்ட் குளிர்காலத்தில் கிளிசரால் தயாரித்து ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது, உறைதடுப்புப் புரதத்தோடு சேர்த்து. கிரீன்லாந்துச் சுறாவுக்கு இந்தப் பிரச்சினையே எழவில்லை: சுறா இனங்களின் உடல்நீரில் யூரியாவும் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடும் ஏராளமாக இருப்பதால் அவற்றின் உறைநிலை இயல்பாகவே கடல்நீரின் உறைநிலையை ஒட்டி இருக்கிறது.

உடம்புக்குள் பனி எப்படிப் போகிறது? அந்தப் புரதம் எங்கே சுரக்கிறது?

கடல்மீன் கடல்நீரைக் குடித்தாக வேண்டும். குடிக்கும் நீரோடும் தின்னும் இரையோடும் படிகங்கள் குடலுக்குள் போய்விடும். செவுள் வழியாகவும் நுழையலாம். குடல்தான் முக்கியமான வாசல். பல காலம் இந்தப் புரதம் கல்லீரலில் உருவாகிறது என்றே நினைத்திருந்தார்கள். 2006-இல் கிறிஸ்டினா செங்கின் குழு, அண்டார்க்டிக் மீன்களில் அதைச் சுரப்பது கணையம் என்று காட்டியது. கணையத்திலிருந்து முதலில் குடலுக்குள்தான் கொட்டப்படுகிறது, அங்கிருந்து ரத்தத்துக்கு வந்து சேர்கிறது.

சிறுநீரகத்திலும் ஒரு மாற்றம் உண்டு. நம் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகள் இருக்கின்றன. இந்த மீன்களில் அவை இல்லை அல்லது செயல்படுவதில்லை. இருந்திருந்தால் சிறிய அளவு உறைதடுப்புப் புரதங்கள் சிறுநீரோடு ஓடிப்போயிருக்கும், நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இப்படி ஒரு புரதம் திடீரென்று எங்கிருந்து வந்தது?

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. கணையம் என்று சொன்னேன் அல்லவா? புரத உணவைச் செரிக்க உதவும் ட்ரிப்சின் உருவாவதற்கு முந்தைய வடிவம் ட்ரிப்சினோஜன். அதுவும் கணையத்தில்தான் சுரக்கிறது. 1997-இல் லியாங்பியாவ் சென், டிவ்ரீஸ், செங் மூவரும் அண்டார்க்டிக் மீனின் உறைதடுப்பு மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். அதன் தலைப்பகுதியும் வால்பகுதியும் ட்ரிப்சினோஜன் மரபணுவில் இருந்து வந்தவை. நடுப்பகுதி? அதே மரபணுவில் இருந்த ஒன்பது எழுத்துத் துண்டு ஒன்று, த்ரியோனின்-அலனின்-அலனின் என்று படிக்கக்கூடிய துண்டு, மீண்டும் மீண்டும் நகலெடுக்கப்பட்டு நீண்டு நிற்கிறது. செரிமானத்துக்கு இருந்த மரபணுவின் ஒரு நகல் உருமாறி உயிர்காக்கும் வேலைக்குப் போய்விட்டது. குடலுக்குள் பனி நுழைகிற இடத்திலேயே முதலில் சுரக்கிறது என்பதும் இதனால் பொருந்திவருகிறது.

உலகத்தின் மறுமுனையில், ஆர்க்டிக் கடலில், போலார் காட் என்றொரு மீன் இருக்கிறது. அண்டார்க்டிக் மீன்களுக்கும் அதற்கும் நெருங்கிய உறவே கிடையாது. அதன் ரத்தத்திலும் ஏறத்தாழ அச்சு அசலாக அதே த்ரியோனின்-அலனின்-அலனின் புரதம்! ஒரு மூதாதையிடமிருந்து இரண்டும் வாங்கிக்கொண்டதாக இருக்குமோ என்று பார்த்தால், மரபணுவின் தலையும் வாலும் முற்றிலும் வேறு. ட்ரிப்சினோஜனின் சாயலே இல்லை. எந்தப் புரதத்துக்கும் குறியீடாக இல்லாமல் சும்மா கிடந்த டி.என்.ஏ. பகுதியிலிருந்து அந்த மரபணு எழுந்து வந்திருக்கிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஒரே தேவை, ஒரே தீர்வு, இரண்டு தனித்தனி வழிகள். பரிணாமத்தைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

வேறு மீன்கள் வேறு வேறு புரதங்களை எடுத்து உறைதடுப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஈல்பௌட் எனும் நீண்ட உடல் மீன்களின் புரதம், சியாலிக் அமிலம் தயாரிக்கும் நொதியிலிருந்து வந்தது. கனடாக் கரையோரத்து வின்டர் ஃப்ளவுண்டர் என்ற தட்டைமீன், பகல் குறுகத் தொடங்கும்போது புரதத்தைக் கூட்டி, வசந்தத்தில் குறைத்துவிடுகிறது. அண்டார்க்டிக் மீனுக்கு அப்படிப் பருவம் பார்த்து நிறுத்த வாய்ப்பில்லை. அதற்கு எப்போதும் குளிர்காலம்.

அப்படியானால் அந்த மீன்களுக்குள் பனிக்கட்டி இருக்காது, அப்படித்தானே?

இருக்கும். பிடித்த மீன்களின் மண்ணீரலில் உயிரோடிருக்கும்போதே நுண்படிகங்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புரதம் அவற்றை வளரவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. புரதம் போர்த்திய படிகம் வளராதது மட்டுமல்ல, எளிதில் உருகவும் செய்யாது. உருக வேண்டிய வெப்பநிலையைத் தாண்டி ஒரு டிகிரி வரை சூடாக்கினாலும் மீனுக்குள் படிகங்கள் அப்படியே இருந்ததை 2014-இல் பால் சிக்கோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். மெக்மர்டோ நீரோ அந்த அளவுக்கு வெதுவெதுப்பாவது மிக அபூர்வம். ஆக, காப்பாற்றும் புரதமே பனியை உடலில் தங்கவும் வைக்கிறது. இந்த மீன்கள் பனியை வென்றுவிட்டதாக எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பனியைச் சுமந்துகொண்டு வாழக் கற்றிருக்கின்றன என்பதுதான் சரி.

குஞ்சுகளுக்கும் அந்தப் புரதம் உண்டா?

எல்லாவற்றுக்கும் பிறந்த உடனே போதுமான அளவு இருப்பதில்லை. அண்டார்க்டிக் வெள்ளிமீனின் முட்டைகள் பனித்தட்டின் அடியில் பனித்தகடுகளுக்கு நடுவே கிடந்து பொரிகின்றன. பொரித்த குஞ்சின் ரத்தத்தில் உறைதடுப்பு குறைவாக இருந்தாலும் அதன் தோல் பனியை உள்ளே விடுவதில்லை. செவுள் முழுதாக வளராததால் அந்த வாசலும் சிறியது.

ரத்தம் வெள்ளையாக இருக்கும் மீன் உண்மையா?

உண்மை. ஆனால் பால் வெள்ளை இல்லை, ஏறக்குறைய நிறமற்றது. பனிமீன் குடும்பம் என்று இதைச் சொல்லலாம், 16 இனங்கள். வளர்ந்த பிறகு ஹீமோகுளோபின் இல்லாமலே வாழும் முதுகெலும்பிகள் உலகில் இவை மட்டும்தான். 1927-இல் தென் அட்லாண்டிக்கில் பூவே தீவருகே டிட்லெஃப் ருஸ்டாட் என்ற நார்வேக்காரர் ஒன்றைப் பிடித்தார். திமிங்கில வேட்டைக் கப்பல்களில் இருந்தவர்கள் ரத்தமே இல்லாத மீன் என்று பேசிக்கொள்வதை யோஹான் ரூட் என்ற விலங்கியலாளர் இளம் வயதில் கேட்டிருந்தார்; நம்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து தாமே போய் ஆராய்ந்து, 1954-இல் அது மெய் என்று வெளியிட்டார்.

ஹீமோகுளோபின் இல்லாமல் ஆக்சிஜன் எப்படிப் போகும்? ரத்தநீரில் நேராகக் கரைந்துதான். சிவப்பு ரத்தம் சுமப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இந்த ரத்தம் சுமக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட உடலில் ரத்தத்தின் அளவே மற்ற மீன்களைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகம். இதயம் பெரியது, ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தமும் பல மடங்கு. குழாய்கள் அகலமானவை, அழுத்தம் குறைவு. செதிலில்லாத தோல் வழியாகவும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே வருகிறது.

இது நல்ல ஏற்பாடா என்று கேட்பார்கள். குளிரில் ரத்தம் கெட்டியாகிவிடும்; சிவப்பணுக்கள் இல்லாவிட்டால் எளிதாக ஓடும் என்று பாடப்புத்தக பாணியில் ஒரு விளக்கம் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய இதயத்தை ஓட்டுவதற்கு ஆகும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் ஆதாயம் நின்றதாகத் தெரியவில்லை. ஒரு விபத்தில் மரபணு போனது, குளிர்ந்த கடல் அதை மன்னித்தது, பிறகு உடம்பு சுற்றிவளைத்துச் சரிக்கட்டிக்கொண்டது என்று கருதும் ஆய்வாளர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். 16 இனங்களில் ஆறு, இதயத் தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் என்ற புரதத்தையும் இழந்துவிட்டன. அதுவும் தனித்தனியாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை.

குளிர்ந்த கடல் மன்னித்தது என்றால் என்ன அர்த்தம்?

நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆக்சிஜன் அதில் கரையும். நல்ல தண்ணீர் கணக்கில் பூஜ்யம் டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5 மட்டும். உப்புநீரில் இரண்டுமே கொஞ்சம் குறையும், விகிதம் ஏறத்தாழ அதேதான். குளிரில் உடலின் தேவையும் குறைவு. வரவு அதிகம், செலவு குறைவு. அதனால்தான் ஹீமோகுளோபின் போன பிறகும் பிழைக்க முடிந்தது.

நம் மேட்டூர் மீன்களுக்கு நேரெதிர் பிரச்சினை. கோடையில் குளமும் ஏரியும் வற்றி நீர் சூடேறும்போது ஆக்சிஜன் குறையும், அதே சமயம் மீனின் தேவை ஏறும். இரவெல்லாம் நீர்ச்செடியும் பாசியும்கூட ஆக்சிஜனைச் செலவழிப்பதால் விடியற்காலைதான் மோசமான நேரம். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். விரால் காற்றிலிருந்தே நேராக மூச்செடுக்கும். அதற்கென்று தலைக்குள் தனி அறை இருக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். துருவப் பனிமீனைப் பார்த்து வியக்கிற பிள்ளைகள் நம் ஊர் விராலையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த மீன்களுக்குக் குளிராதா?

நமக்குக் குளிர்வதுபோல இல்லை. நம் உடம்பு 37 டிகிரியைக் காப்பாற்றப் போராடுகிறது, அதனால் நடுங்குகிறோம். மீனின் உடல் சூடும் நீரின் சூடும் ஒன்றே. ஆனால் அந்தச் சூட்டில் உடலின் உறுப்புகள் வேலை செய்ய வேண்டுமே! இதற்கு ஏற்காட்டுக்காரர்களுக்கு எளிதாகப் புரியும் ஒன்றைச் சொல்கிறேன். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாக நிற்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் அப்படியே ஓடும். நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். செல்சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். துருவ மீன்களின் சவ்வுகளில் நிறைவுறாக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால் மைனஸ் 1.9-லும் அவை இறுகாமல் நெகிழ்ந்து இருக்கின்றன.

நம் செல்களுக்குள் இருக்கும் நுண்குழல்கள் குளிர்ந்தால் பிரிந்து உதிர்ந்துவிடும், இவற்றில் உதிராது. மாட்டின் கண் வில்லையைக் குளிரவைத்தால் வெளுத்து மங்கும். அண்டார்க்டிக் டூத்ஃபிஷ்ஷின் கண் வில்லை மைனஸ் 12 டிகிரி வரை பளிங்காகவே இருந்ததைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புரதத்தால் மட்டும் இந்த வாழ்க்கை நடக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு பெரிதாக வளரும்?

பெரும்பாலானவை கை நீளம்தான். டூத்ஃபிஷ் மட்டும் விதிவிலக்கு: இரண்டு மீட்டர் நெருங்கும், நூறு கிலோவையும் தாண்டும். இந்தக் குடும்பங்களில் எதற்கும் காற்றுப்பை கிடையாது. முன்னோர்கள் கடல் தரையில் வாழ்ந்தவர்கள். மேலே நீந்த வந்த டூத்ஃபிஷ் உடலில் கொழுப்பைச் சேர்த்தும் எலும்பின் கனத்தைக் குறைத்தும் மிதக்கிறது. நோட்டோதீனியாய்டு எனப்படும் இந்தக் கூட்டம்தான் அண்டார்க்டிக் கண்டத்திட்டின் மீன்களில் எடைக்கணக்கில் பத்துக்கு ஒன்பது பங்கு.

ஆறு கோடி மீன்கூடு என்று செய்தியில் வந்ததே, அது என்ன?

2021 பிப்ரவரியில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் கேமராவைத் தரைக்கு மேலே இழுத்துக்கொண்டு போனபோது பார்த்தது. யோனா பனிமீன் என்ற இனம் கடல் தரையில் முக்கால் மீட்டர் அகல வட்டக் குழிகளைக் கூடாக அமைத்திருந்தது. பெரும்பாலான கூடுகளில் ஒரு மீன் காவல் இருந்தது. கூட்டுக்குச் சுமார் 1,700 முட்டைகள். 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். கேமரா கண்ட அடர்த்தியைக் கொண்டு 240 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 கோடி கூடுகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது மதிப்பீடு, ஒவ்வொன்றாக எண்ணியதல்ல. அங்கே தரையோர நீர் சுற்றுப்புறத்தைவிட இரண்டு டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்தது. இடம் தேர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்த மீனை ஏற்காடு ஏரியில் விட்டால் வாழுமா?

வாழாது. ஏற்காட்டில் குளிர்கால இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கினாலே நாம் கம்பளியைத் தேடுகிறோம். அந்தச் சூடே இந்த மீன்களுக்கு எமன். 1967-இல் ஜார்ஜ் சொமீரோவும் டிவ்ரீஸும் செய்த சோதனையில் மெக்மர்டோ மீன்கள் சுமார் 6 டிகிரியிலேயே செத்தன. சூட்டில் குலையும் புரதங்களைச் சீர்செய்ய நம் செல்கள் அவசரமாகச் சில காப்புப் புரதங்களைத் தயாரிக்கும்; இவற்றில் பல இனங்களுக்கு அந்த அவசர ஏற்பாடே போய்விட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவைப்படாமல் இருந்தால் எதுவும் போய்விடும். சில இனங்கள் 4 டிகிரியில் வாரக்கணக்கில் பழகியபின் சற்று அதிகம் தாங்கியதுண்டு, அதற்கும் வரம்பு இருக்கிறது.

காஷ்மீரில் தால் ஏரி உறைகிறதே, அங்கே உள்ள மீனுக்கும் இந்தப் புரதம் இருக்குமா?

தேவையே இல்லை. நல்ல தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமானது. அதனால் பனி மேலே மிதக்கும், அடியில் 4 டிகிரி நீர் தங்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகாத நீரில், மைனஸ் அரை டிகிரியில் உறையும் ரத்தத்தோடு மீன் பத்திரமாக இருக்கும். கடல்நீருக்கு அந்த 4 டிகிரிக் கணக்கு கிடையாது. உறையும்வரை கனமாகிக்கொண்டே போய் மூழ்கும்.

ஐஸ்க்ரீமில் மீன் சேர்க்கிறார்களாமே? சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

ஈல்பௌட் வகையைச் சேர்ந்த ஓஷன் பௌட் மீனின் உறைதடுப்புப் புரதத்தை, அதே மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துத் தயாரித்து, ஐஸ்க்ரீமில் படிகம் பெருக்காமல் இருக்கச் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் அனுமதி கொடுத்தது. மீனை அரைத்துப் போடுவதில்லை. புரதம் ஈஸ்ட்டிலிருந்து வருகிறது. ஏற்பதும் விடுவதும் அவரவர் முடிவு. தட்டைமீன் மரபணு வைத்த தக்காளி என்று சுற்றிவரும் செய்தி, 1990-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனையைப் பற்றியது; அந்தத் தக்காளி கடைக்கு வரவே இல்லை.

கடல் சூடாவதால் இந்த மீன்களுக்கு என்ன ஆகும்?

சூடு நேராகக் கொல்வதற்கு முன்பே பனி குறைவது பாதிக்கும். வெள்ளிமீனின் முட்டைக்குப் பனித்தட்டு வேண்டும். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் கடற்பனி குறைந்து நீர் சூடான ஆண்டுகளில் அதன் குஞ்சுகள் குறைவாகக் கிடைத்ததை நீண்டகாலப் பதிவுகள் காட்டின. பெங்குவின், சீல் எல்லாம் இதைத் தின்று வாழ்பவை. பனிமீனுக்கு ஆக்சிஜன் கவலை வேறு. வேறு கடலுக்கு ஓடலாமே என்றால், சுற்றிலும் ஓடும் பெருநீரோட்டத்துக்கு அப்பால் இருப்பது இன்னும் சூடான நீர், தெற்கே நிலம். நம் பக்கத்து மீன் வடக்கே நகரலாம். இவற்றுக்கு நகர இடமே இல்லை. எனக்கு இது உண்மையாகவே கவலை தருகிறது. ராஸ் கடலில் சுமார் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பகுதியைப் பாதுகாக்க 2016-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன, 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த முடிவை எடுத்த ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். பாதுகாப்பு எல்லை மீன்பிடியைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது.

சேலத்துப் பிள்ளை ஒருவர் இதைப் படிக்க வேண்டுமென்றால் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

உயிரியலும் வேதியியலும் இருக்கும் எந்தப் பிரிவும் சரி. வேதியியலை ஒதுக்காதீர்கள், மேலே சொன்ன கதையில் பாதி வேதியியல்தான். பிறகு விலங்கியல், உயிர்வேதியியல், மீன்வள அறிவியல் என்று எதிலும் தொடரலாம். தமிழ்நாட்டில் மீன்வளத்துக்கென்றே தூத்துக்குடியில் 1977 முதல் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. துருவ ஆய்வுக்கு கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் கடல் ஆராய்ச்சி மையம்தான் நம் நாட்டுக்குப் பொறுப்பு. நம் நாட்டு ஆய்வு நிலையங்களில் அண்டார்க்டிகாவில் மைத்ரி 1989 முதலும் பாரதி 2012 முதலும், ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி 2008 முதலும் இயங்குகின்றன. 1981-82-இல் அண்டார்க்டிகாவுக்குப் போன முதல் இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எஸ். இசட். காசிம், கடல் உயிரியலாளர், மீன்களை ஆராய்ந்தவர்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியும், கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சோதனைப் பெட்டியும் வாங்கி, மூக்கனேரியிலோ பக்கத்துக் குளத்திலோ பெரியவர் ஒருவர் துணையோடு விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். சித்திரையில் ஒரு வாரம், மார்கழியில் ஒரு வாரம் போதும். எந்த மீன் எந்த நேரத்தில் மேலே வருகிறது என்பதையும் எண்களுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.